ஊரைப் படிக்காத ஊர்க்காரர்கள்

காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, விம்கோ நகர். மெட்ரோ வந்ததிலிருந்து இந்த நிலையப் பெயர்கள் நாள் முழுக்க திருவொற்றியூர்க்காரர்களான எங்கள் காதில் விழுகின்றன. காலடிப்பேட்டை 18ஆம் நூற்றாண்டில் கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை. விம்கோ, ஸ்வீடன்காரர்கள் தொடங்கிய தீப்பெட்டிக் கம்பெனி. அதில் உழைத்து ஓய்வுபெற்றவர்கள் எங்களோடுதான் வாழ்ந்தார்கள். ஷிப்டு எப்படி நடந்தது, ஸ்டிரைக் நாட்களில் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்டு எழுதிவைக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

தியாகராஜர் கோயிலில் சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்கு மகிழமரத்தடியில் சத்தியம் செய்த கதையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். சதுரானன பண்டிதரைப் பற்றிக் கேட்டால் விழிப்போம். கேரளத்திலிருந்து வந்தவர், சோழ இளவரசன் இராஜாதித்தனின் நண்பர். 949இல் தக்கோலப் போரில் இராஜாதித்தன் யானைமேல் இறந்தான். உடனிருந்து உயிர்விட முடியாமல் போனதே என்று மனம் உடைந்த நண்பர், கங்கையில் நீராடி, துறவு பூண்டு, திருவொற்றியூர் மடத்துக்குத் தலைவரானார். இதைச் சொல்வது இந்தக் கோயிலின் கல்வெட்டுதான். அதுவும் இளவரசனைக் கொன்ற இராஷ்டிரகூடர் தரப்பின் மன்னன், மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டு! அறிஞர்கள் நூறாண்டுக்கு முன்பே படியெடுத்துவிட்டார்கள். நாங்களோ அந்த எழுத்துள்ள சுவரில் சாய்ந்து பொங்கல் சாப்பிட்டு, மிச்சத் திருநீற்றை அதிலேயே தட்டிவிட்டு எழுந்து வருகிறோம்.

எதைக் கேட்டாலும் கம்பெனிகள் ஊரைக் கெடுத்தன என்போம். பொய்யில்லை, அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தைத் தூர்த்தது. ஆனால் தூர்ந்த இடத்தில் முன்பு எந்த மாதம் எந்த இறால் பட்டது, எந்த வளைவுக்கு என்ன பெயர் என்று மீனவக் குப்பத்துப் பெரியவர்களிடம் கேட்கக் கூடாதென்று எந்தக் கம்பெனியும் எங்களைத் தடுக்கவில்லை. மீன் வாங்கப் போனோம், பேரம் பேசினோம், திரும்பினோம். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து அந்தக் கழிமுகத்தில் பரவியபோது, அங்குள்ள மீனவக் குப்பமான காட்டுக்குப்பம் எங்கே இருக்கிறது என்பதையே எங்களில் பலர் டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். தேரடியில் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் தூரம்.