நன்கொடைப் பட்டியலில் பறைக்கு இடம் உண்டா?

குடியரசு நாள், ஆண்டு விழா என்றால் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் தவறாமல் வரும். சங்கத் தலைவரோ, முன்னாள் மாணவரோ, ஆலை அதிகாரியோ தலைமையாசிரியரிடம் ஒரு பொருளைக் கொடுத்துக்கொண்டிருப்பார். குடிநீர் சுத்திகரிப்பான், மேசை நாற்காலி, பீரோ, திறன் பலகை. இவை தேவையானவைதான், கொடுப்பவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் ஒரு பறையையோ, வண்ணப் பெட்டியையோ நாம் பார்ப்பது அரிது. கலை ஆசிரியருக்கு ஓராண்டு மதிப்பூதியம் தந்தார்கள் என்ற செய்தி அதைவிட அரிது.

நன்கொடையால் நடக்கும் கல்வி நமக்குப் புதிதல்ல. ஊர்ப் பள்ளிகளின் கதவு நம் பிள்ளைகளுக்கு அடைத்திருந்த காலத்தில், 1894இல் சென்னை அடையாற்றில் கர்னல் ஆல்காட் இலவசப் பள்ளி தொடங்கினார். 1916இல் நம் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். கொடையாகக் கிடைத்த எழுத்தறிவுதான் பல தலைமுறைகளைத் தூக்கிவிட்டது. எனவே உள்ளூர் உதவியை நாம் இளக்காரமாகப் பார்க்க முடியாது. அது எதற்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

கலைக் கல்விக்கு அரசே ஏற்பாடு செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்திருக்கிறது, அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 6 முதல் 8 வரையான வகுப்புகளில் 100 பேருக்கு மேல் படித்தால்தான் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் உண்டு. அதன்படி 2012இல் தமிழகத்தில் 16,549 பேர் மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரத்தில் மூன்று அரை நாள் என நியமிக்கப்பட்டார்கள். காலனியை ஒட்டிய சிறு பள்ளிகளையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் எண்ணிப் பாருங்கள். பலவற்றில் அந்த 100 என்ற எண்ணிக்கையே கிடையாது. 80 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஓவிய ஆசிரியரும் இல்லை, பாட்டு ஆசிரியரும் இல்லை.

இந்த நிலையில் 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல முயற்சி. பறையாட்டத்துக்கும் ஒயிலாட்டத்துக்கும் மேடை கிடைக்கிறது. ஆனால் போட்டி என்பது அறுவடை. விதைப்பு நடக்காத வயலில் எதை அறுப்பது? காசு கொடுத்துத் தனி வகுப்புக்குப் போன பிள்ளை முன்னே நிற்கும். நம் பிள்ளை இரண்டு வாரத்தில் கைப்பேசியைப் பார்த்துக் கற்ற ஆட்டத்தோடு போய்த் திரும்பும்.

இந்த இடைவெளியைத்தான் உள்ளூர் நிதி நிரப்ப முடியும். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. செலவிடத்தக்க பணிகளில் கல்வியும் உண்டு, மரபுக் கலைகளும் உண்டு. நெய்வேலியும் சிப்காட்டும் இருக்கும் கடலூர் மாவட்டத்தில் இது சிறிய வாய்ப்பல்ல.

செலவும் பெரிதல்ல. ஒரு வகுப்புக்கு 500 ரூபாய், வாரம் இரண்டு வகுப்பு, ஆண்டுக்கு 40 வாரம் என்று வைத்துக்கொள்வோம். 40,000 ரூபாயில் ஓராண்டு முழுவதும் நம் ஊர்க் கலைஞர் ஒருவர் பள்ளிக்குள் ஆசிரியராக நுழைவார். சாவு வீட்டு வாசலில் நின்று கூலி வாங்கியவர், வகுப்பறையில் மதிப்பூதியம் வாங்குவார். அதை அவருடைய பேரப்பிள்ளை பார்க்கும்.

இங்கே நமக்குள்ளேயே ஒரு நியாயமான தயக்கம் உண்டு. "அடிமைத் தொழில் என்று எங்கள் அப்பா தூக்கிப் போட்ட பறையை என் பிள்ளை ஏன் எடுக்க வேண்டும்?" என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் கோபத்தில் வரலாறு இருக்கிறது. கட்டாய ஊழியமாக அடிக்கச் சொன்னபோது மறுத்தது போராட்டம். அதை நாம் மறக்கக் கூடாது. ஆனால் ஐந்து நிலத்துக்கும் ஐந்து பறை என்று தமிழ்ப் பாடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் பள்ளியில், தெருவில் இருக்கும் பறைக்கு மட்டும் தீட்டு என்றால் அதையும் ஏற்க முடியாது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அந்த மதிப்பு வகுப்பறைக்கு ஏன் வரக் கூடாது?

ஆகவே நிதி வரும்போது மூன்று நிபந்தனைகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, பறையை நம் பிள்ளைகள் மட்டுமல்ல, வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் கற்க வேண்டும். நம்மவர்களை மட்டும் தனியே நிறுத்தி அடிக்கச் சொன்னால் அது கலை வகுப்பல்ல, பழைய ஊழியம். இரண்டு, நன்கொடையாளரை வரவேற்க வாசலில் நின்று பறையடிக்கும் வேலை பிள்ளைகளுக்குக் கிடையாது. கற்றதை மேடையில் காட்டட்டும். மூன்று, ஓவியம், நாடகம், கீபோர்டு, பரதம் எதையும் நம் பிள்ளைக்கு மறுக்கக் கூடாது. பறை பெருமைதான், அதற்காக அதையே நம் பிள்ளையின் எல்லைக்கோடு ஆக்கிவிடக் கூடாது.

இதையெல்லாம் எங்கே சொல்வது? பள்ளி மேலாண்மைக் குழுவில். அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும் என்பது சட்டம். கையெழுத்துப் போட மட்டும் போகும் கூட்டமாக அதை விட்டுவிட்டோம். படிக்கும் மாணவர்கள் சட்டத்தின் 21ஆவது பிரிவை வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த கூட்டத்தில் "கலை வகுப்புக்கு யாரிடம் கேட்கலாம்?" என்ற ஒரு கேள்வியை அவர் எழுப்பி, தீர்மானப் புத்தகத்தில் எழுதவைக்கட்டும்.

சட்டத்தில் உள்ள அந்த 100 பேர் வரம்பை நீக்கும்படி அரசிடம் தொடர்ந்து கேட்போம்; நன்கொடை அரசின் கடமைக்கு மாற்றாகாது. ஆனால் அரசு வரும்வரை ஒரு தலைமுறை காத்திருக்க முடியாது. இந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு ஒருமுறைதான் வரும்.