பையையும் எடுத்தாங்க, பணத்தையும் எடுத்தாங்க

எங்க அக்கா வீட்டுப் பரண்மேல் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. அதற்குள் ஒரு ஸ்கேன் தாள், ஒரு பரிசோதனை அறிக்கை, கட்டுக்கட்டாக மருந்துச் சீட்டு, ஒரு ரசீது. ரசீதின் மொத்தம் 62,500 ரூபாய். ஆபரேஷனுக்கு 25,000. மயக்க மருந்து டாக்டருக்கு 6,000. தியேட்டருக்கு 8,000. ஐந்து நாள் ரூம் வாடகை 6,000. நர்சுகளுக்கு 2,500. மருந்து மாத்திரைக்கு 11,400. ரத்தம், ஸ்கேன் வகையில் 3,600. பஞ்சுக்கும் பிளாஸ்திரிக்கும்கூட கணக்கு இருக்கிறது. எதற்காக அறுத்தார்கள் என்பதற்கு மட்டும் அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது.

2021-ல் அக்காவுக்கு வயது 33. விழுப்புரம் பக்கம், ஊருக்குக் கிழக்கே இருக்கிற எங்க காலனியில்தான் வாழ்க்கைப்பட்டாள். களையெடுப்பு, நடவு, கரும்பு வெட்டு, கிடைத்தால் நூறு நாள் வேலை. ரெண்டு பிள்ளை பிறந்ததும் 24 வயதிலேயே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவள். வெள்ளைபடுது, இடுப்பு விட்டுப்போவுது என்று ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். "இன்னிக்குப் பாக்கற நர்சம்மா இல்ல, புதன்கெழமை வா" என்றார்கள். புதன்கிழமை நடவு. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மறுபடியும் போய் நிற்க முடியவில்லை. காலனியில் ஊசி போடவரும் கம்பவுண்டர்தான் டவுனில் இருக்கிற அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகாத குறையாக அனுப்பிவைத்தான். அவனுக்கு அதில் எவ்வளவு என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "எந்த ஊரு?" ஊர்ப் பெயரைச் சொன்னாள். "ஊரா, காலனியா?" என்பது ரெண்டாவது கேள்வி. வலி எங்கே, எத்தனை நாளாக என்பதெல்லாம் அதற்கப்புறம். அதுவும் முழுசாக இல்லை. தொட்டுப் பார்க்கவில்லை. உள் பரிசோதனை செய்யவில்லை. வயிற்றின்மேல் ஸ்கேன் கருவியை ஓட்டிவிட்டு, "கர்ப்பப்பை வாயெல்லாம் புண்ணு. பை அழுகிப்போயிருக்கு. இப்படியே உட்டா கேன்சர் ஆயிடும். அதான் புள்ளைங்கள பெத்து நிறுத்தியாச்சே, இனிமே பை எதுக்கு ஒனக்கு?" என்றார். அக்காவைவிட அவருக்கு வயது பத்து கூட இருக்கலாம். ஆனாலும் 'நீ'தான். கேன்சர் என்ற சொல்லைக் கேட்டபிறகு யாருக்குப் பேச்சு வரும்? அக்கா அழவில்லை. "தம்பி, புள்ளைங்க சின்னதாச்சேடா" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அறுத்தார்கள். கருப்பையோடு ரெண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். நான்கு பக்கம் இங்கிலீஷில் அச்சடித்த ஒரு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டது நான். பி.ஏ. படித்தவன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "எல்லாருக்கும் போடற கையெழுத்துதாம்பா, சீக்கிரம் போடு, தியேட்டர் ரெடியாயிருக்கு" என்றார் நர்ஸ். போட்டேன். அக்காவிடம் யாரும் கேட்கவும் இல்லை, கையெழுத்து வாங்கவும் இல்லை.

எட்டு மாதம் கழித்து, ராத்திரியெல்லாம் உடம்பு எரிகிறது, வேர்த்து ஊற்றுகிறது, எலும்பெல்லாம் நோவுகிறது என்று அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். அங்கிருந்த பெண் டாக்டர் மஞ்சப்பையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக விரித்துப் படித்தார். ஸ்கேனில் கருப்பை சாதாரண அளவில் இருப்பதாக எழுதியிருந்தது. அறுத்தெடுத்த சதையைச் சோதித்த அறிக்கையில், நாள்பட்ட அழற்சி, புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை என்று இருந்தது. "இதுக்காம்மா பைய எடுத்தாங்க? மாத்திரையில போயிருக்குமே" என்றார். 33 வயதுப் பெண்ணுக்கு ஒரு பகலில் அறுபது வயதின் உடம்பைக் கொடுத்துவிட்டார்கள். சினைப்பை போனதும் உடம்பில் சுரப்பு நின்றுபோகும். எலும்பு தேயும். இதயத்துக்கும் கேடு. இதைச் சொல்ல அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் வாய் இல்லை.

இந்தக் கதையை நான் சொன்னபோது பட்டணத்து நண்பர் ஒருவர், முற்போக்காளர்தான், கவலையோடு கேட்டார்: "நீங்க ஏன் இன்னொரு டாக்டர்கிட்ட கேக்கல? அறியாமைதாங்க நம்ம ஜனங்களுக்குப் பெரிய எதிரி."

இந்த 'அறியாமை' என்ற சொல்லை முதலில் பிடுங்கி எறிய வேண்டியிருக்கிறது. இன்னொரு டாக்டரைப் பார்க்க 500 ரூபாய் ஃபீஸ், பஸ் காசு, ரெண்டு பேருடைய ஒருநாள் கூலி. உயிரா போகுது, பை தானே போகுது என்று கணக்குப் போடவைப்பது அறியாமை அல்ல, இல்லாமை. கேன்சர் என்று பொய் சொன்னவர் படித்தவர். கையெழுத்துப் போட்ட நானும் படித்தவன். இந்தக் கதையில் படிக்காதவள் என் அக்கா ஒருத்திதான். ஏமாற்றாத ஒரே ஆளும் அவள்தான். படித்தவன் செய்த குற்றத்துக்குப் படிக்காதவள்மீது பழி போடுகிற இந்த வேலையைத்தான் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். நமக்குள்ளேயே இருக்கிற படித்தவர்களும் அதைத் திருப்பிச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டோம்.

இது ஏதோ ஒரு டாக்டரின் கைத்தவறு என்றும் சொல்ல வருவார்கள். கைத்தவறு எப்போதும் ஒரே தெருவிலா விழும்? மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப்போகும் பெண்கள் கதை 2019-ல் வெளியே வந்தது. தலித்துகளும் நாடோடிச் சமூகத்தவரும் நிறைந்த தொழில் அது. மாதவிலக்கில் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரி அபராதம் போடுவான். பை இருந்தால்தானே விலக்கு? அரசு அமைத்த குழு 82,309 பெண்களைக் கணக்கெடுத்தது. அவர்களில் 13,861 பேருக்குக் கருப்பை இல்லை. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது. ஆந்திரத்தில் நூற்றுக்கு ஒன்பது பேர். சத்தீஸ்கரிலும் பீகாரிலும் 2012-ல் இதே கதைதான் கிளம்பியது. அங்கே ஏழைக் குடும்பங்களிடம் 30,000 ரூபாய்க்கான அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தது. அட்டையில் பணம் இருக்கிறதென்றால் வயிற்றில் நோய் இருக்கிறதென்று அர்த்தம். காப்பீட்டு அட்டை கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். எங்களுக்கு அட்டை இங்கே செல்லாது என்றார்கள், கடனாளி ஆனோம். அங்கே அட்டை செல்லும் என்றார்கள், அட்டைக்காகவே அறுத்தார்கள். ரெண்டு இடத்திலும் போனது நம்ம பெண்களின் பை.

கடல் தாண்டியும் இதுதான். அமெரிக்காவில் பருத்திக்காட்டுக் கூலியாக இருந்து, கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்காகப் போராடியவர் ஃபேனி லூ ஹேமர். 1961-ல் கட்டியை எடுக்கவென்று ஆஸ்பத்திரியில் படுத்தவருக்குக் கேட்காமலேயே கருப்பையை எடுத்துவிட்டார்கள். கறுப்புப் பெண்களுக்கு இப்படி நடப்பது அவ்வளவு சகஜமாக இருந்ததால் அதை 'மிசிசிப்பி அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்' என்று சொன்னவரும் அவர்தான். 'இனிமே எதுக்கு ஒனக்கு' என்ற கேள்வியை யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கக்கூடாது என்று அறுக்கிறவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இதைத்தான் எல்லாரும் கடைசியில் பேசுகிறார்கள், அல்லது பேசாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த 62,500 எங்கிருந்து வந்தது? அக்காவின் தோடும் தாலிக் குண்டும் அடகுக்கடையில் 18,000. மகளிர் குழுவில் 15,000. கைமாற்று 4,500. மிச்சம் 25,000 நுண்கடன் கம்பெனியில். அதற்கு வாரம் 620 வீதம் 52 வாரம். கூட்டிப் பாருங்கள், 32,240. தையல் பிரித்த மூணாவது வாரமே தவணை கேட்டு வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தான். அக்கா வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு களையெடுக்கப் போனாள். பிள்ளை பெறுகிற பையை அறுத்ததற்கு, அறுபட்டவளே குனிந்து நின்று கூலி கொடுத்தாள். தோடு இன்னும் திரும்பவில்லை.

எங்க மாமா கொத்தனார். அவர் கேட்டது இது: "நான் கட்டன செவுரு கோணலாப் போனா இடிச்சிட்டு என் செலவுல கட்டித் தரணும். கூலியும் கெடையாது. இல்லாத நோவுக்கு அறுத்தவருக்கு மட்டும் எப்படி கூலி?" சட்டம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அந்த மனுஷன் ஒரு வரியில் கேட்டுவிட்டார். நோய்க்கணிப்பு தப்பு என்றால் ரசீது மட்டும் எப்படிச் சரியாகும்?

இதைக் கேட்கப்போனபோது ஆஸ்பத்திரி மேனேஜர் சொன்ன பதில்: "கையெழுத்து போட்டிருக்கீங்கல்ல?"

அந்தக் கையெழுத்து செல்லாது. இதை நாம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. டில்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் என்ன நோய் என்று பார்க்கும் சோதனைக்காகப் படுத்தார். மயக்கத்தில் இருந்தபோது வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். விவரம் தெரிந்த வயதுவந்த ஒருவரின் உடம்புக்கு இன்னொருவர் சம்மதம் தரமுடியாது, உயிராபத்து இல்லாதபோது அவர் கண்விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அந்த ஆபரேஷனுக்கு டாக்டர் ஃபீஸ் கேட்க முடியாது என்றும், மேற்கொண்டு 25,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பானது. ஆபரேஷன் நடந்தது 1995-ல். தீர்ப்பு வந்தது 2008-ல். டில்லிப் பெண்ணுக்கே பதின்மூன்று வருஷம். அப்படியென்றால் காலனிக்கு?

ஆனாலும் நாங்கள் போட்டோம். காசு கொடுத்து வைத்தியம் பார்த்தவர் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்பது 1995-லேயே தீர்ந்த விஷயம். ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அஞ்சு லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. எல்லா வழக்கிலும் இன்னொரு டாக்டரின் சாட்சி வேண்டியதில்லை என்று 2010-ல் கிஷன் ராவ் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் தப்பான நோய்க்கணிப்பு வழக்குதான், மலேரியாவை டைபாய்டு என்று வைத்தியம் பார்த்த வழக்கு. எங்கள் வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவும் அக்காவுக்கு ஒருநாள் கூலி. "நிறுத்திடலாமா தம்பி" என்று ஒருமுறைகூட அவள் கேட்கவில்லை.

நம் இயக்கத் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். இதை ஊர்க்கூட்டத்தில் எடுத்தபோது, "அது பொம்பளைங்க சமாச்சாரம், சபையில எதுக்கு?" என்றார் ஒரு பெரியவர். தலைவர் படத்தைக் கிழித்தால் பஸ்ஸை மறிக்கிறோம். நம் பெண்களின் வயிற்றைக் கிழித்தால் சமாச்சாரமா? எங்கள் காலனியில் இருப்பது நூற்றுப்பத்து வீடு. இந்தக் கூட்டத்துக்கப்புறம் அக்கா வீடு வீடாகப் போனாள். நாற்பது வயதுக்குள் பை இல்லாத பெண்கள் பதினொரு பேர். அதில் ஏழு பேர் அதே ஆஸ்பத்திரி. ஏழு பேரையும் அனுப்பியது அதே கம்பவுண்டர். ஏழு பேருக்கும் சொன்னது அதே சொல்: கேன்சர். இத்தனை வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளவில்லை. வெட்கம் அவர்கள் வாயைக் கட்டியது. அந்த வெட்கத்தைக் காத்தது நாம்தான், ஆண்கள்.

2023 ஏப்ரலில், டாக்டர் நரேந்திர குப்தா போட்ட பொதுநல வழக்கில், தேவையில்லாமல் கருப்பை எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. உத்தரவு தானாகக் காலனிக்கு நடந்து வராது. நாம்தான் இழுத்து வரவேண்டும்.

ஆகவே தோழர்களே, நாளைக்கே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். கருப்பையை எடுக்கணும் என்று எவர் சொன்னாலும், அரசு சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்யாமல் சம்மதிக்காதீர்கள். அமிலத்தைத் தடவிப் பார்க்கிற சின்னச் சோதனை, காசு கிடையாது. சந்தேகம் வந்தால் மேற்கொண்டு அங்கேயே அனுப்புவார்கள். கையெழுத்தை அறுபடப்போகிறவர்தான் போட வேண்டும், தமிழில் படித்துக் காட்டிய பிறகு. எழுத்தில் கேட்டால் மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்தில் தந்தாக வேண்டும், இது டாக்டர்களுக்கான 2002 விதி. சதைப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். ரசீது ஒன்றையும் தூக்கி எறியாதீர்கள்.

அக்காவின் மஞ்சப்பை இப்போது தனியாக இல்லை. மற்ற ஆறு பேரும் தங்கள் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். நாலு பேருக்கு ரெண்டு வருஷக் கெடு முடிந்துவிட்டது. மீதி ரெண்டு பேருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தமுறை கையெழுத்துப் போடப்போவது நான் இல்லை, அவர்கள்.