மருமகளின் வாளியைத் தனியே வைக்கும் வீடுகளுக்கு

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பெண்ணுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பும், திரிந்த தயிர்போல வெள்ளைப்படுதலும் வந்துவிட்டால், வைத்தியத்துக்கு முன்னால் வாளி பிரிந்துவிடுகிறது. அவள் துணி தனி, சோப்பு தனி. ‘சுத்தபத்தமா இருந்தா இது ஏன் வருது?’ என்பார் மாமியார். சில வீடுகளில் பேச்சு அதற்கும் மேலே போகும்: ‘எங்கேருந்து கொண்டாந்தே?’

எங்கிருந்தும் கொண்டுவரவில்லை. கேண்டிடா என்ற இந்தப் பூஞ்சை, நோயில்லாத பெண்கள் பலரின் உடம்பிலும் சாதுவாகக் குடியிருப்பதுதான். நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது தலைதூக்கும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பால்வினை நோய்களோடு இதைச் சேர்ப்பதில்லை. புருஷனுக்கு அரிப்போ தடிப்போ இல்லையென்றால் பொதுவாக அவருக்கு மருந்தும் கிடையாது. அப்படியிருக்க, ஒரே வாளியில் துவைத்ததால் நாத்தனாருக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது எந்த ஊர் நியாயம்?

சுத்தம் என்று செய்வதே வினையாகிறது என்பதுதான் கொடுமை. பிறப்புறுப்பின் உள்ளே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா அமிலம் சுரந்து காவல் இருக்கிறது. டெட்டால் தண்ணீரையும் சோப்பு நுரையையும் உள்ளே விட்டுக் கழுவினால் காவலும் போகும், தோலும் புண்ணாகும். வெளியே மட்டும் வெறும் தண்ணீர் போதும். துவைத்த உள்ளாடையை யார் கண்ணிலும் படாமல் நைட்டிக்கு அடியில், கதவுக்குப் பின்னால் காயப்போடுகிறோம். பாதி ஈரத்தோடு மறுநாள் உடுத்திக்கொண்டு மல்லாட்டைக் கொல்லைக்குக் களையெடுக்கப் போகிறவள், பொழுது சாயும்வரை வியர்வையிலும் ஊறுகிறாள். பூஞ்சைக்குப் பிடித்ததே சூடும் ஈரமும். திருவண்ணாமலை மாவட்டத்தில் வெயிலுக்கா பஞ்சம்? கொடியின் முன்பக்கமே போடுங்கள், பார்க்கிறவர் பார்க்கட்டும்.

சாதுவாக இருந்தது ஏன் பெருகுகிறது? மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கிய ஆன்டிபயாடிக், கர்ப்பம், ஸ்டீராய்டு, முக்கியமாகக் கட்டுப்படாத சர்க்கரை. திரும்பத் திரும்ப வருகிறவளுக்கு முதலில் பார்க்க வேண்டியது ரத்தச் சர்க்கரை. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் அதைப் பார்க்க வாசலுக்கே ஆள் வருகிறார். அவரிடம் இந்த அரிப்பை வாய்திறந்து சொன்னவர்கள் எத்தனை பேர்?

வெள்ளையெல்லாம் பூஞ்சையும் அல்ல. நாற்றமோ அரிப்போ இல்லாமல் மாதத்தின் நடுவில் கொஞ்சம் படுவது இயல்பு. மீன்வாடை அடித்தாலோ மஞ்சள், பச்சை நிறத்தில் வந்தாலோ அது வேறு தொற்றாக இருக்கலாம். அவற்றில் சிலவற்றுக்குக் கணவருக்கும் சேர்த்தே மருந்து. ஆகவே கடையில் ஊகித்து வாங்காமல் அரசு மருத்துவமனையில் காட்டுவதே சரி. வெள்ளைப்படுதலுக்கென்று அங்கே இலவசமாகத் தரும் பச்சை நிறப் பொட்டலத்தில் பூஞ்சைக்கான 150 மில்லிகிராம் ஃப்ளுகோனசோல் மாத்திரையும் உண்டு. மாசமாக இருப்பவர்களுக்கு அதை விழுங்கத் தருவதில்லை, உள்ளே வைக்கும் க்ளோட்ரைமசோல் மாத்திரைதான். நாள் தள்ளிப்போயிருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.