கடல் கொண்டு வந்தவை

 

பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் "எங்கேயாவது கூட்டிப் போங்கள்" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். இலங்கைக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் கண்டியும் நுவரெலியாவும் பார்த்தது போதும் என்று திரும்பிவிடாதீர்கள். இம்மாதம் யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குப் போய் வருவோம், வாருங்கள்.

யாழ் நகரைத் தாண்டிப் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இருபுறமும் கடல். ஆழமில்லாத தண்ணீரில் மீன் பிடிக்க நட்ட குச்சிகளின் மீது பறவைகள் உட்கார்ந்திருக்கும். வேலணை, புங்குடுதீவு என்று சிற்றூர்கள் வரும். பனைகளுக்கு நடுவே கூரையிழந்த பெரிய வீடுகளும் வரும். போர்க்காலத்தில் ஊரைவிட்டுப் போனவர்களின் வீடுகள் அவை. சாலை குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகிறது. அங்கிருந்து படகுதான்.

முதலில் நயினாதீவு. சிறிது நேரப் பயணம். இங்குள்ள நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு என்ற சிங்கள மன்னன் வெட்டுவித்தது. அது சொல்வது என்ன தெரியுமா? ஊர்காவற்றுறைக்கு வரும் அந்நிய நாட்டு வணிகர்களுக்குப் பாதுகாப்புத் தரவேண்டும். யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால், கால் பங்குதான் அரசுக்கு, முக்கால் பங்கு உரியவனுக்கே. மற்றச் சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி. கப்பலை இழந்து கரையில் நிற்பவனுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

அடுத்தது நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். அலை அடிக்கும். வாந்தி வரும் பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீரும் கட்டுச்சோறும் மறக்கவேண்டாம். இறங்கியவுடன் திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு, ஓர் ஆட்டோ பிடியுங்கள்.

வழியெல்லாம் வேடிக்கைதான். வீட்டு மதில்கள் சுண்ணாம்பும் சிமெண்டும் இல்லாமல், முருகைக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே கட்டியவை. ஓரிடத்தில் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூட்டுக் கோபுரம். இன்னோரிடத்தில் வேலி போட்டுப் பாதுகாக்கும் 'வளரும் கல்'. வளர்கிறதோ இல்லையோ, பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று உயரம் பார்க்காமல் வரமாட்டார்கள்! அப்புறம் பெருக்கமரம். ஆப்பிரிக்கா இதன் தாயகம். அரபு வணிகர்கள் கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். அடிமரத்துப் பொந்துக்குள் ஆட்கள் நுழைந்து நிற்கலாம்.

வெட்டவெளியில் மட்டக் குதிரைகள் கூட்டமாக மேயும். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் கொண்டு வந்த குதிரைகளின் வழிவந்தவை. ஆண்டவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் தங்கிவிட்டன. கோடை கடுமையானால் தண்ணீரின்றி இவை செத்து விழுவதும் உண்டு. நல்ல தண்ணீர் அரிதான தீவு இது.

பார்க்க அழகான இந்தக் கடலுக்கும் ஒரு துயரம் உண்டு. 1985 மே 15 அன்று குமுதினி என்ற பயணிகள் படகில் வந்த நெடுந்தீவு மக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட 20க்கும் மேற்பட்டோர், வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

மாலையில் யாழ் நகருக்குத் திரும்பியதும் விடுதிக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். சோனகத் தெருவுக்குப் போய் மஃரிப் தொழுங்கள். தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்கள் வாழ்ந்த இடம். 1990 அக்டோபர் 30 அன்று, இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். நகைகளும் பணமும் பறிக்கப்பட்டன. அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கும் மேல். பலர் புத்தளத்து அகதி முகாம்களில் ஓலைக் குடிசைகளில் பிள்ளை பெற்று வளர்த்தார்கள். 2009இல் போர் முடிந்தபின் சில குடும்பங்கள் திரும்பி வந்தன. பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள்.

சகோதரிகளே, கடல் கொண்டு வந்த குதிரைக்கும் மரத்துக்கும் இந்த மண் இடம் கொடுத்தது. முன்பின் தெரியாத வணிகனுக்கு முக்கால் பங்கைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் கல்வெட்டு இங்கேதான் நிற்கிறது. இதே மண்ணில், இங்கேயே பிறந்தவர்களின் கையில் ஒரு பங்கும் மிஞ்சவில்லை.

பிள்ளைகளுக்குக் குதிரையைக் காட்டுங்கள், பெருக்கமரத்தையும் காட்டுங்கள். கூரையில்லாத அந்த வீடுகளையும், குமுதினி போன கடலையும், சோனகத் தெருவையும் சேர்த்தே காட்டுங்கள். திரும்பி வந்து குடியிருக்கும் ஒரு மூதாட்டிக்கு ஸலாம் சொல்லி, அவர் சொல்வதைச் சற்று உட்கார்ந்து கேளுங்கள். அண்டை வீட்டார் யாராக இருந்தாலும் அவர் வீடு அவருக்கே உரியது என்பது அந்தப் பிஞ்சு மனங்களில் பதியட்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் வேறோர் ஊரில் சந்திப்போம்.