இஞ்சினுக்குத் தாலாட்டு எதற்கு?

நாவல் எழுதுகிறவனுக்கு லாரி இஞ்சினைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். நம் வீட்டு அரிசியும் பருப்பும், நாம் கட்டும் வீட்டுக்குச் சிமெண்டும் லாரியில்தான் வருகின்றன. அந்த லாரியின் வயிற்றுக்குள் நடக்கும் ஒரு மூடநம்பிக்கையைப் பற்றி வாய் திறப்பதற்கு இஞ்சினீயர் பட்டம் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கண்ணும் காதும் இருந்து, விஷயம் தெரிந்தவர்களிடம் கூச்சப்படாமல் கேட்கிற புத்தியும் இருந்தால் போதும்.

ஓடித் தேய்ந்த டீசல் இஞ்சினைப் பிரித்து, புது லைனர், புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டு மறுபடியும் பூட்டுகிறார்கள். 'இஞ்சின் வேலை' என்று பட்டறையில் இதற்குப் பெயர். வேலை முடிந்து இஞ்சின் முதல் மூச்சு விட்ட அன்றைக்கு அதை என்ன செய்கிறார்கள்? ஒரு கூட்டம் அதைப் பச்சைக் குழந்தையாக்கித் தொட்டிலில் போட்டு ஆட்டுகிறது. இன்னொரு கூட்டம் பிறந்த அன்றைக்கே மூட்டை தூக்க அனுப்புகிறது. இரண்டும் பிசகு. ஆனால் பிசகு செய்தவர்கள் இரண்டு கூட்டம் என்றாலும் தண்டனை அனுபவிக்கிறவன் எப்போதும் ஒரே ஆள்தான்: ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் டிரைவர்.

முதலில் தொட்டில் கட்டுகிறவர்களைப் பார்ப்போம்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி என்பது வெறும் வண்டி அல்ல; நிலம் நீச்சு மாதிரி குடும்பச் சொத்து. இஞ்சின் வேலை முடிந்தால் பூசை உண்டு, எலுமிச்சம்பழம் உண்டு, கற்பூரம் உண்டு. பழம் நசுங்கட்டும், கற்பூரம் எரியட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. என் ஆட்சேபணையெல்லாம் அதற்கப்புறம் நடப்பதற்குத்தான். வண்டியை நின்ற இடத்திலேயே நிறுத்தி வைத்து, ராத்திரி பூராவும் இஞ்சினைச் சும்மா ஓட விடுகிறார்கள். காலையில் போனால் அப்போதும் உறுமிக்கொண்டிருக்கிறது. "என்ன ஐயா இது?" என்று கேட்டால், "இஞ்சின் செட் ஆகோணுமுங்க. புதுசு பாருங்க, பச்சைக் குழந்தை மாதிரி" என்று பதில் வருகிறது. சொல்கிறவர் முகத்தில் ஒரு தாயின் கனிவே தெரிகிறது!

கனிவு நல்லதுதான். ஆனால் இஞ்சினுக்கு வேண்டியது கனிவு அல்ல.

டீசல் இஞ்சினில் தீப்பொறி கிளப்பும் பிளக் கிடையாது. ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய தத்துவம்தான் இன்றைக்கும்: காற்றை அமுக்கு, அமுக்கிய சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். இன்றைய லாரி இஞ்சின் காற்றை ஏறக்குறைய 16 முதல் 20 பங்கு வரை நெருக்குகிறது. காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்த அமுக்கம் பக்கவாட்டில் ஒழுகாமல் காக்கிறவை பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள். வெட்டு விட்ட இந்த உலோக வளையத்தை 1850-களில் நீராவி இஞ்சினுக்காகக் கொண்டுவந்தவர் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கில ரயில்வே இஞ்சினீயர். அதன் வம்சம்தான் நம் லாரிக்குள் இருப்பதும். பெரும்பாலும் பிஸ்டனுக்கு மூன்று ரிங். மேலே இரண்டு அமுக்கத்தைக் காக்க, கீழே ஒன்று ஆயிலை வழித்துவிட.

இனிமேல்தான் சூட்சுமம். புது லைனரின் உள்சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்காது, இருக்கவும் கூடாது. ஹோனிங் கல்லை வைத்து அதில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டிருப்பார்கள். கீறலின் பள்ளத்தில் ஆயில் தங்கும். மேடு இருக்கிறதே, அது ஒரு பொடி அரம். புது ரிங்கின் முகத்தை அது ராவும். ரிங் அதன் நுனியை மழுக்கும். இப்படி ஒன்றையொன்று தேய்த்துத்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. அந்தப் பொருத்தம் பெரும்பாலும் முதல் சில மணி நேரங்களில் நடந்து தீரவேண்டிய காரியம்.

ஆனால் ரிங் சுவரில் அழுந்தினால்தானே தேயும்? அதை அழுத்துவது எது? ரிங்கின் சொந்த விறைப்பு கொஞ்சம். பாக்கியெல்லாம் எரிந்த வாயுவின் அழுத்தம். அது ரிங்கின் முதுகுப் பக்கம் புகுந்து அதைச் சுவரோடு தள்ளுகிறது. பாரம் இழுக்கும்போது டீசல் அதிகம் எரியும், அழுத்தம் ஏறும், ரிங் பதியும். சும்மா ஓடும்போதோ? காற்று என்னவோ முழுக்க வருகிறது. டீசல் மட்டும் சொட்டுக் கணக்கில். சிலிண்டர் சரியாகச் சூடேறுவதில்லை. ரிங் சுவரைத் தடவிக்கொடுக்கிறதே தவிர, பதிவதில்லை. எரியாத டீசல் சுவரில் வழிகிறது. கீழிருந்து ஆயில் மேலேறி, பாதி வெந்து, கீறல்களில் அரக்கு மாதிரி படிந்துவிடுகிறது. சுவருக்கு மெருகு ஏறிவிட்டது! அப்புறம் எந்த ரிங்கும் அதில் ஒட்டாது. 'பேக் கம்ப்ரஷன்' தள்ளும், ஆயில் குடிக்கும், பின்னால் நீலப் புகை வரும். முற்றிப்போன மெருகுக்கு வைத்தியம், இஞ்சினை மறுபடி பிரித்து, சுவரை மறுபடி கீறி, வேறு ரிங் போடுவதுதான். லட்ச ரூபாயைத் தாண்டும் செலவை ஒரு ராத்திரித் தாலாட்டில் தொலைத்தாகிவிட்டது.

இது கதாசிரியனின் கற்பனை என்று நினைக்கிறவர்கள் ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஆஸ்பத்திரியிலோ கல்யாண மண்டபத்திலோ விசாரிக்கலாம். முழுத் திறனில் 30 சதவீதத்துக்கும் குறைந்த சுமையில் டீசல் ஜெனரேட்டரை நெடுநேரம் ஓட்டாதே என்று செய்தவர்களே எச்சரிப்பது வழக்கம். பழகிய இஞ்சினுக்கே வேலையில்லாமை ஆகாது என்றால், இன்னும் பழகாத இஞ்சினுக்கு எப்படி ஆகும்?

"எங்க அப்பா காலத்துல இருந்து இப்படித்தானுங்க" என்பது அடுத்த வாதம். அப்பாவுக்கு என் நமஸ்காரம். அவர் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. அன்றைய கடைசல் வேலை கரடுமுரடு. அன்றைய ஆயில் இன்றைய ஆயில் அல்ல. 1950-களில் இங்கிலாந்தில் புதுக் கார் வாங்கினவர்கள், 'ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்' என்று பின்னால் சீட்டு ஒட்டிக்கொண்டு ஆமை வேகத்தில் போவார்கள். அந்தச் சீட்டு அங்கே மறைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இங்கே சீட்டு இல்லை. நம்பிக்கை மட்டும் தங்கிவிட்டது. அதுவும் எப்படித் தங்கியிருக்கிறது? 'மெதுவாக ஓட்டு' என்று அப்பா சொன்னது, பிள்ளை காலத்தில் 'ஓட்டாதே, நிறுத்திவை' என்று ஆகிவிட்டது. மூதாதையர் வாக்குக்குப் பெரும்பாலும் நேருகிற கதி இதுதான்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது. "புது இஞ்சின் இறுக்கமாக இருக்கும். பாரம் ஏற்றினால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளாதா?" பிடித்துக்கொள்ளும், முரட்டுத்தனம் செய்தால். அந்தப் பயம் நியாயமானது. அதற்குக் கண்ட பரிகாரம்தான் அநியாயம். தண்ணீரில் மூழ்கிவிடுவான் என்று பிள்ளையைக் கிணற்றுப் பக்கமே விடாதவன், நீச்சல் தெரியாத பிள்ளையைத்தான் வளர்க்கிறான்.

முறை என்னவென்று விஷயம் தெரிந்த மெக்கானிக்குகள் நாலைந்து பேரைக் கேட்டேன். ஆளுக்கு ஆள் சில்லறை வித்தியாசம் இருந்தாலும் முதுகெலும்பு ஒன்றுதான். ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவேண்டும். டீசலைத் தடுத்து வைத்துச் சுற்றவிட்டு, ஆயில் பிரஷர் வந்த பிறகுதான் உயிர் கொடுக்க வேண்டும். டர்போ இருந்தால் அதற்கும் முன்னதாகவே ஆயில் ஊற்ற வேண்டும். தண்ணீர்ப் பாதையில் காற்று தங்கக் கூடாது. ஸ்டார்ட் ஆனதும் ஒழுக்கு பார்த்து, சத்தம் கேட்டு, சூடேறியதும் ரோட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். சில இஞ்சின்களில் கேம் ஷாஃப்ட்டுக்காக முதலில் ஒரு 20 நிமிஷம் ஓட்டச் சொல்வதுண்டு. அதுகூட ஐடிலிங்கில் அல்ல, அதற்கு மேலான வேகத்தில்.

ரோட்டில் பாதி லோடு, முக்கால் லோடு இருக்க வேண்டும். நல்ல மிதி மிதித்து இழுக்கவிட்டு, பிறகு விட்டுப் பிடிக்க வேண்டும். ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போகக் கூடாது. மேல் கியரில் முனக முனக ஏற்றம் ஏற்றக் கூடாது. சூட்டு முள்ளின் மேல் ஒரு கண் எப்போதும் இருக்க வேண்டும். நிறுத்தினால் அணைத்துவிட வேண்டும். டீக்கடை வாசலில் உறுமவிட்டு வைக்கக் கூடாது. முதல் ஆயிலைக் கையேடு சொல்லும் கணக்கில், நாள் கடத்தாமல், ஃபில்டரோடு மாற்ற வேண்டும்; தேய்ந்த இரும்புப் பொடியெல்லாம் அதில்தான் இருக்கும். அந்தந்த இஞ்சினுக்குக் கம்பெனிக் கையேடு எதைச் சொல்கிறதோ அதுவே கடைசி வார்த்தை.

இதில் மந்திரம் எங்கே இருக்கிறது? வேலை கொடு, அளவாகக் கொடு, பார்த்துக்கொண்டே கொடு. அவ்வளவுதான்.

இனி இரண்டாவது கூட்டம். இவர்களுக்கு இஞ்சின் குழந்தையும் அல்ல, கிழவனும் அல்ல, கடன்காரன். பட்டறையில் வண்டி நின்ற ஒவ்வொரு நாளும் வருமானம் போயிற்று. பைனான்ஸ் தவணையோ நிற்கவில்லை. ஆகவே பட்டறையிலிருந்து நேரே புக்கிங் ஆபீசுக்கு. முழு லோடு, அதற்கு மேலும் இரண்டு டன். முதல் பயணமே பெங்களூருக்கு. வழியில் தொப்பூர்க் கணவாய் ஏற்றம். புது ரிங்கும் புது பேரிங்கும் அங்கே படுகிற பாட்டை யார் பார்க்கிறார்கள்? அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தினார்கள். சட்டம் ரோட்டைக் காக்கிறது. புது இஞ்சினைக் காக்கச் சட்டம் ஏது?

ஒற்றை லாரி வைத்துக்கொண்டு தவணை கட்டுகிறவரின் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. அவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அவரிடம் ஒன்று கேட்கிறேன். பிஸ்டனுக்குப் பணம் கொடுத்தீர்கள்; லைனருக்குக் கொடுத்தீர்கள்; கடைசலுக்கும் கூலிக்கும் கொடுத்தீர்கள். பழக்கி எடுக்கும் அந்த நாலு நாளும் இஞ்சின் வேலையில் சேர்ந்ததுதானே? முக்கால் லோடில் குறைகிற வாடகையை நஷ்டம் என்று ஏன் எழுதுகிறீர்கள்? அதையும் பில்லில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சோறு வடிக்கிறவள் அரிசிக்கும் விறகுக்கும் கணக்குப் பார்த்துவிட்டு, வேகிற நேரத்தை நஷ்டம் என்றா சொல்கிறாள்?

இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் அகப்பட்டவன் கதைதான் என்னை எழுத வைத்தது. நாமக்கல் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஒரு டிரைவரைச் சந்தித்தேன், முப்பது வயதிருக்கும். இஞ்சின் வேலை முடிந்து சில மாதங்களுக்குள்ளேயே அவர் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்டது. மெக்கானிக், "என் வேலையில் குற்றமில்லை, ஓட்டினவன் கெடுத்துவிட்டான்" என்கிறார். முதலாளி அதை அப்படியே நம்புகிறார். நம்புவது அவருக்குச் சௌகரியமாகவும் இருக்கிறது. "மூணு நாள் நிறுத்தி வெச்சு ஓட உட்டது அவுங்க. நாலாவது நாள்தான் சாவியே என் கைக்கு வந்துச்சு. இப்ப ஆயில் காசைப் புடிக்கறது என்ற பேட்டாவுலீங்க" என்றார் அந்த டிரைவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். அந்தத் தொனிதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ல் வந்தது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்று அதில் அச்சடித்திருந்தது. லாரி டிரைவரிடம் போய் அதைப் படித்துக் காட்டினால் அவர் சிரிப்பார். சட்டம் இருந்தும் நேரம் அவர் கையில் இல்லை. வண்டி அவர் கையில் இருக்கிறது என்கிறீர்களே, அதன் இஞ்சின் எப்படிப் பழக வேண்டும் என்று சொல்லும் அதிகாரமாவது அவரிடம் உண்டா? அதிகாரம் இல்லாதவன் தலையில் பொறுப்பை மட்டும் ஏற்றுவது எந்த ஊர் தர்மம்?

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை, ஒரு சீட்டு. இஞ்சின் வேலை முடிந்து பட்டறையை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு வண்டியோடும், தமிழில் எழுதிய ஒரு சீட்டு வரட்டும். எந்த நாளில் முதலில் ஸ்டார்ட் செய்தது, எத்தனை நிமிஷம் நின்றபடி ஓடியது, முதல் பயணத்தில் எத்தனை டன், எங்கிருந்து எங்கே, சூட்டு முள் எதுவரை ஏறியது, முதல் ஆயில் எத்தனை கிலோமீட்டரில் மாற்றியது. இவ்வளவுதான். கீழே மூன்று கையெழுத்து: மெக்கானிக், முதலாளி, டிரைவர். நாளைக்கு இஞ்சின் ஆயில் குடித்தால் அந்தச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ராத்திரி பூரா உறுமவிட்டவர் யார், முதல் நாளே பாறையை ஏற்றியவர் யார், பார்த்து ஓட்டாதவர் யார் என்று அது சொல்லும். டிரைவர்தான் குற்றவாளி என்று அது சொன்னால், தாராளமாக அவரையே கேளுங்கள். நான் குறுக்கே வரமாட்டேன்.

அந்தச் சீட்டுக்கு ஆகிற செலவு ஒரு டீக்கும் குறைவு. அதையும் மறுக்கிறவர்கள் இருந்தால், அவர்கள் மறைக்க நினைப்பது இஞ்சினின் கோளாறை அல்ல என்றுதான் நான் முடிவு கட்டுவேன்.