அஞ்சல் செலவைப் புத்தக விலைக்குள் புதைக்காதீர்கள்

பழைய பொருட்களை இணையத்தில் விற்பவர்கள் அஞ்சல் கட்டணம் என்று தனியாக ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது, அதை விலையிலேயே ஏற்றிவிட்டு ‘டெலிவரி இலவசம்’ என்று போட வேண்டும், அப்படிச் செய்யாதவர்களுக்கு வியாபாரம் தெரியாது. சென்ற இதழ்க் கட்டுரையின் சாரம் இதுதான். பழைய புத்தகம் விற்றுப் பிழைக்கிறவன் நான். இந்த யோசனை கணக்கில் பிழையானது. அதைவிட மோசம், கையில் காசு குறைவாக உள்ள வாசகனை இது கடையை விட்டே விரட்டுகிறது.

கட்டுரையாளர் காட்டும் ஒரே உதாரணம் ஒரு பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரம். 2,500 ரூபாய்க்கு விற்றாராம். அனுப்பும் செலவு எழுபது ரூபாய், அதாவது விலையில் மூன்று சதவீதம்கூட இல்லை. அதை விலைக்குள் தள்ளினால் யாருக்கும் வலிக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சின்னதும் விலை உயர்ந்ததுமான பொருளுக்கு அவர் சொல்வது பொருந்தும். ஆனால் அந்த ஒரு கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகம், பித்தளைப் பாத்திரம், ரேடியோ என எல்லாவற்றுக்கும் சட்டம் போடுவது பொறுப்பற்ற எழுத்து. பழைய வால்வு ரேடியோ ஒன்றை அவர் பெட்டியில் கட்டிப் பார்க்கட்டும். கூரியர்காரர்கள் நிஜ எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து, எது அதிகமோ அதற்குப் பணம் கேட்பார்கள். 40, 30, 30 அளவுள்ள பெட்டிக்கு 7.2 கிலோ கணக்கு வரும், உள்ளே இருப்பது நாலு கிலோ என்றாலும். ஊருக்கு ஊர் மாறும் இந்தச் செலவை, வாங்குபவர் யாரென்று தெரியும் முன்பே எந்த விலைக்குள் ஒளிப்பது?

புத்தகத்துக்கு வருகிறேன். திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் நாற்பது ரூபாய்க்கு எடுத்த ஒரு நாவலைத் தூசி தட்டி, படமெடுத்து, எண்பது ரூபாய்க்குக் கொடுக்கலாம். விரைவு அஞ்சலில் 2025 அக்டோபரில் வந்த கட்டணப்படி, 250 கிராமுக்கு மேல் 500 கிராம் வரையுள்ள உறைக்கு உள்ளூரில் 28 ரூபாய், 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் 93 ரூபாய், வரி தனி. எதை விலையில் ஏற்றுவது? 28 ஏற்றினால் ஸ்ரீநகரில் பணியிலிருக்கும் தமிழருக்கு அனுப்பும்போது என் லாபம் முழுக்கப் போய், கைக்காசும் போகும். 93 ஏற்றினால் மயிலாப்பூரில் இருக்கிற மாணவி, தனக்குச் சம்பந்தமே இல்லாத 65 ரூபாயைக் கட்டுவாள். நடுவில் ஒரு தொகையை வையுங்கள் என்கிறார் கட்டுரையாளர். நடுவில் வைத்தாலும் பக்கத்து ஊர்க்காரர் பணத்தில்தான் தூரத்து ஊருக்குப் பார்சல் போகும். அந்த விவரம் பணம் கட்டியவருக்குத் தெரியாமலே போகும். எனக்கு இதில் பொறுக்கவே முடியாதது அந்தத் தெரியாமைதான்.

அடுத்து அவர் சொல்வது இன்னும் கொடுமை. நூறு ரூபாய்க்குக் குறைந்த பொருளை விற்பதே நேர விரயமாம், அவற்றைத் தொடாதீர்கள் என்கிறார். பழைய புத்தகக் கடை எதற்காக இருக்கிறது? 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்குப் போன வியாபாரிகளைக் கேளுங்கள். அவர்களிடம் வருவோரில் முதல் பதிப்பு தேடும் சேகரிப்பாளர் எத்தனை பேர், அண்ணன் படித்த பாடநூலை விற்றுத் தம்பிக்கு அடுத்த வகுப்புப் புத்தகம் வாங்குகிறவர் எத்தனை பேர் என்று சொல்வார்கள். டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டிகள், அட்டை கிழிந்த அகராதிகள், மாத நாவல்கள் எல்லாமே நூறுக்குக் கீழேதான். அனுப்பும் செலவை ஏற்றியதும் எண்பது ரூபாய் நாவல் 170ஐத் தாண்டும். அந்த விலைக்குப் புதுப் பதிப்பே கிடைக்குமா என்று வாசகர் தேடப் போவார், அது நியாயம்தான். விற்காத பழைய பிரதி எடைக்குப் போகும். இந்த யோசனையை எல்லோரும் பின்பற்றினால் இணையத்தில் மிஞ்சுவது அரிய பொருட்களும் அவற்றை வாங்க வசதியுள்ளவர்களும் மட்டுமே.

ஒருவர் பத்துப் புத்தகம் கேட்டால் என்ன ஆகும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை. அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ‘கியான் போஸ்ட்’ சேவையில் பாடநூல், போட்டித் தேர்வு நூல் போன்றவற்றை 300 கிராம் வரை 20 ரூபாய்க்கு அனுப்பலாம். ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய்தான், வரி மட்டும் சேரும். ஒன்றுக்கு நானூறு கிராம் வீதம் பத்து நூல்கள் நாலு கிலோ. செலவைத் தனியாகச் சொல்லும் நான், ‘சேர்த்து வாங்குங்கள், மொத்தமும் நூறு ரூபாய்ச் சொச்சத்தில் வந்துவிடும்’ என்று சொல்ல முடியும். புத்தகத்துக்கு ஐம்பது வீதம் ஏற்கெனவே ஏற்றி வைத்திருப்பவர் ஐந்நூறு ரூபாய் வாங்கிவிட்டு, மிச்சத்தைப் பையில் போட்டுக்கொள்வார். இதைத்தான் வாடிக்கையாளர் நலன் என்று கட்டுரை புகழ்கிறது.

‘கட்டணம் தனியாகத் தெரிந்தால் மக்கள் ஓடிவிடுவார்கள், இது மனித மனம்’ என்று ஆய்வு எதையும் காட்டாமல் அடித்துச் சொல்கிறார். ஆய்வு இருக்கிறது. தன்ஜிம் ஹொசைன், ஜான் மார்கன் என்ற இரு பொருளியலாளர்கள் ஈபே தளத்தில் இசைக் குறுந்தகடுகளையும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளையும் தாங்களே ஏலம் விட்டுச் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்க விலை நான்கு டாலர், அனுப்புவது இலவசம் என்பது ஒரு வகை. தொடக்க விலை ஒரு சென்ட், அனுப்ப 3.99 டாலர் என்பது இன்னொரு வகை. இரண்டிலும் மொத்தம் ஒன்றுதான். இரண்டாம் வகைக்கே அதிகம் பேர் ஏலம் கேட்டார்கள், அதற்கே அதிக வருமானமும் வந்தது. அனுப்பும் கட்டணத்தை மிகவும் உயர்த்தியபோது குறுந்தகடுகளில் அந்த ஆதாயம் மறைந்தது. அதாவது நியாயமான கட்டணத்தைக் கண்டு யாரும் ஓடவில்லை. கட்டுரையாளர் அடித்துச் சொன்ன மனித மனம் அவருடைய கற்பனை.

தளங்கள் இலவச டெலிவரிக்கு முன்னிடம் தருகின்றன என்பது அவருடைய கடைசி ஆயுதம். உண்மைதான், 35 டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களுக்கு அமெரிக்காவில் இலவசமாக அனுப்பும் கடைகளைத் தேடலில் முன்னே காட்டுவதாக எட்ஸி விற்பனைத் தளம் 2019இல் அறிவித்தது. அங்குள்ள சிறு விற்பனையாளர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள் என்பதை ஏன் விட்டுவிட்டார்? அனுப்பும் கட்டணத்தின் மீதும் எட்ஸி 2018 முதலும் ஈபே 2011 முதலும் கமிஷன் எடுக்கின்றன. விலைக்குள் ஒளித்தாலும் வெளியே சொன்னாலும் கமிஷனில் நமக்கு மிச்சம் கிடையாது. அஞ்சல் என்ற பெயரில் கொள்ளையடித்த விற்பனையாளர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள்மேல் வாசகருக்கு வரும் கோபம் சரியானது. அதற்கு மருந்து, எடையைக் குறிப்பிட்டு, ரசீதைப் படமெடுத்து அனுப்பி, கட்டிய தொகையை மட்டும் வாங்குவது. என் புத்தகங்களுக்கு அதைத்தான் செய்கிறேன். தேடலில் இருபதாம் பக்கத்துக்குத் தள்ளினாலும் அதையே செய்வேன்.