பிள்ளை பெற்றவளிடம் யாரும் கேளாத கேள்வி

முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கிறேன். மலவாசல் என்ற சொல்லை ஒரு தடவையேனும் அச்சேற்றியதாக நினைவில்லை. மகளிர் பக்கத்தைக் கவனித்த நாட்களில் கர்ப்பவதியின் உணவு, தாய்ப்பால், தடுப்பூசி என்று எவ்வளவோ வெளியிட்டோம். பிள்ளை பெற்ற மறுவாரம் மலங்கழிக்க அஞ்சி அழும் பெண்ணைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அண்மையில் முள்ளியவளையில் ஓர் உறவுக்காரப் பெண்ணைப் பார்க்கப் போயிருந்தோம். தலைப்பிரசவம், ஒன்பதாம் நாள். பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை. தாய்தான் கதிரையில் நேராக உட்காராமல் ஒருபக்கம் சாய்ந்தே இருந்தாள். சோற்றையும் தொட்டுவிட்டு ஒதுக்கினாள். என் மனைவி உள்ளே அழைத்துப் போய் விசாரித்தபோதுதான் சொல்லியிருக்கிறாள்: "நாலு நாளாய் வெளிக்குப் போகேல்லை மாமி. தையல் பிரிஞ்சிடும் எண்டு பயமாக் கிடக்கு."

இது அரிய நோயன்று. மகப்பேற்றின் பின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண்ணுக்கு மூலமோ மலவாசல் வெடிப்போ காணப்படுகிறது. கர்ப்பப்பையின் பாரம், முக்கிய முக்கு, இரும்புச்சத்து மாத்திரை தரும் மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்த விளைவு. இவற்றோடு நம் வீடுகளில் இன்னொன்றும் சேர்கிறது: பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும் என்ற நம்பிக்கை. பத்தியத்தையும் சரக்குத்தண்ணியையும் நான் பழிக்கவில்லை; அவற்றில் கைகண்ட அனுபவம் உண்டு. ஆனால் பாலூட்டுகிறவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது அறிவீனம். மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலிக்கு அஞ்சி அடக்கினால் மேலும் இறுகும்.

2009இல் மெனிக்பாம் முகாமை நினைத்துக்கொள்கிறேன். இலட்சக்கணக்கானோர் அடைபட்டிருந்த இடம். 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. போதாத மலசலகூடங்களின் முன்னே, தையல் காயாத ஒரு பெண் எவ்வளவு நேரம் நின்றிருப்பாள்? எறிகணைகளையும் எண்ணிக்கைகளையும் எழுதிய நான் அதை எழுதவில்லை.

நிவாரணம் எளியது. இளஞ்சூடான நீர் நிறைத்த அகன்ற பேசினில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரலாம். முதல் நாட்களில் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வைத்தால் வீக்கம் தணியும். வலிக்குப் பரசிற்றமோல் போதும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரைகளிலும் தையல் வலிக்குக் குளிர் ஒத்தடமும் பரசிற்றமோலும் சொல்லப்பட்டிருக்கின்றன. பப்பாசிப்பழம், முருங்கையிலை, குரக்கன், போதிய தண்ணீர்: இவை வன்னியில் காசு கொடுத்துத் தேடவேண்டியவை அல்ல. உணர்வு வந்ததும் போய்விட வேண்டும், முக்கக்கூடாது. மலமிளக்கி வேண்டுமா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். அதிக இரத்தம், காய்ச்சல், சீழ் என்றால் தாமதம் கூடாது. மலமோ வாயுவோ கட்டுப்பாடின்றிப் போகிறதென்றால் அதை வெட்கத்துக்குள் புதைத்துவிடவும் கூடாது. பிரசவத்தில் தசை கிழிந்திருக்கக்கூடும், அதற்கும் சிகிச்சை உண்டு.

நம் நாட்டில் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். எத்தனை நாட்டுப் பெண்களுக்கு இது கிடைக்கிறது! பிள்ளையின் நிறையைப் பார்க்கிறார், தொப்புளைப் பார்க்கிறார். "பிள்ளை, வெளிக்குப் போறது சுகமோ?" என்று அவர் தாயைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும் என்பதே என் கட்சி. மாமியார் பக்கத்தில் நிற்கையில் அவளாக வாய் திறக்கமாட்டாள். அந்தக் கேள்வியை விருப்பத்துக்கு விடாமல் ஒவ்வொரு வருகையிலும் கட்டாயமாக்கலாம், செலவில்லாத சீர்திருத்தம். கணவன்மாருக்கும் கிளினிக்கில் இதைச் சொல்லிக் கொடுக்கலாம். வெந்நீர் வைக்க ஆண்பிள்ளைக்குத் தெரியாதா என்ன?

முள்ளியவளைப் பெண்ணை மறுநாளே கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றார்கள். தையலுக்கு ஒன்றுமில்லை, சிறு வெடிப்புத்தான். நான்கு நாள் கழித்து மனைவியுடன் தொலைபேசியில் பேசினாள். இரண்டாந்தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம்.